முதல் மாரத்தானுக்கு என்ன வாங்குவது? வியர்வை கொட்டும் ஊருக்கான எளிய விளக்கம்

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் முதன்முறையாக 42.195 கி.மீ. ஓடப் பெயர் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பயிற்சியைத் தொடங்குவார்கள். தொடங்கிய முதல் வாரமே "என்னென்ன வாங்கணும்?" என்ற கேள்வி வந்துவிடும். இணையத்தில் தேடினால் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. கையுறை, காதை மூடும் தொப்பி, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் உடைகள் என்று நீளும். அவற்றில் பல பாஸ்டனிலோ லண்டனிலோ குளிரில் ஓடுபவர்களை மனதில் வைத்து எழுதியவை. விடியுமுன்பே காற்று ஈரத்தில் கனத்துக் கிடக்கும் பெசன்ட் நகர் கடற்கரைக்கு அவை ஒத்துவராது.

நம் ஊரில் ஓடுபவருக்கு முதல் பிரச்சினை வியர்வை. வியர்ப்பது கெடுதல் என்று சொல்லவில்லை. வியர்வை ஆவியாகிப் போகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. ஆனால் காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாக இடமில்லை. தோலில் தங்கி, வழிந்து, உடையை நனைத்து, தொடை வழியாக இறங்கி, கடைசியில் சாக்ஸுக்குள் போய்ச் சேரும். அப்புறம் நனைந்த துணி தோலை உரசும். நனைந்த சாக்ஸ் கொப்புளம் போடும். உடம்பிலிருந்து நீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கும். 10 கி.மீ. ஓட்டத்தில் இவையெல்லாம் சின்னத் தொந்தரவு. நான்கைந்து மணி நேரம் ஓடும்போது ஓட்டத்தையே நிறுத்திவிடும். அதனால் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: மூன்று மணி நேரம் நனைந்த பிறகு இது எப்படி இருக்கும்? கடைக்காரர் சொல்லும் சிறப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியிலேயே கழன்றுவிடும்.

ஷூ

பணத்தில் பெரும்பகுதி போகவேண்டிய இடம் இதுதான். 5 மணி நேரத்தில் மாரத்தானை முடிப்பவர் ஏறக்குறைய 50,000 அடி வைக்கிறார். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. அதைத் தாங்குவதில் உதவுவது ஷூவின் நடு அடுக்கில் இருக்கும் ஃபோம். மேலே தெரியும் துணி, நிறம், வடிவம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெறுங்காலோடு ஓடினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார், 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. நம் நாட்டின் சிவ்நாத் சிங்கும் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11வது இடம் பிடித்தார். 1978ல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம் பல பத்தாண்டுகள் இந்தியச் சாதனையாக அசையாமல் நின்றது. இவர்கள் சிறு வயதிலிருந்தே அப்படி ஓடி, பாதத்தையும் கணுக்காலையும் உறுதியாக்கிக்கொண்டவர்கள். அலுவலகத்தில் உட்கார்ந்தே பத்து வருடம் கழித்தவர் நான்கு மாதத்தில் அந்தப் பாதத்தைப் பெற்றுவிட முடியாது. முதல் மாரத்தானுக்கு ஷூ வேண்டும்.

எந்த ஷூ? கடையில் கால் வைத்ததும் உங்கள் பாத வளைவைப் பார்த்து "உங்களுக்குத் தட்டைப்பாதம், இந்த மாடல்தான் போடணும்" என்று சிலர் சொல்வார்கள். பாத வளைவை வைத்து ஷூ தேர்ந்தெடுக்கும் பழக்கம் வெகுநாளாக இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பாத வளைவுக்கேற்ற ஷூவும் மற்றவர்களுக்கு வளைவைப் பார்க்காமல் ஒரே வகை ஷூவும் கொடுத்துப் பார்த்தார்கள். காயம் படும் அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் இல்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் இதை ஆராய்ந்த பென்னோ நிக் 2015ல் தன் குழுவோடு எழுதிய கட்டுரையில் சொன்னது எளிமையானது: போட்டு ஓடும்போது உங்களுக்கு எது சௌகரியமாக இருக்கிறதோ, அதையே எடுங்கள், உடம்பே நல்ல வழிகாட்டி. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே முழங்கால் வலி, குதிகால் வலி என்று சிகிச்சையில் இருப்பவர்கள் மட்டும் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

சௌகரியத்தைக் கடையில் எப்படிச் சோதிப்பது? மாலையில் போங்கள். காலையில் இருப்பதைவிட மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். நீண்ட ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு காலிலும் ஷூவை மாட்டி, கயிறு கட்டி, எழுந்து நின்று, நீளமான கால்விரலுக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே கட்டைவிரல் அகலம் இடைவெளி இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். பலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளம், அப்படியிருந்தால் அதை வைத்து அளக்க வேண்டும். ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதும் சகஜம், பெரிய காலுக்கு ஏற்ற அளவை எடுங்கள். குதிகால் உள்ளே ஏறி இறங்கக் கூடாது. விரல்கள் உள்ளே மடங்காமல் விரிந்து அசைய வேண்டும். அப்புறம் கடைக்குள்ளேயோ வாசலிலோ கொஞ்ச தூரம் ஓடிப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் ஓட்ட ஷூ வாங்காதீர்கள்.

அகலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதங்களை அளந்து பெல்ஜிய ஆய்வாளர்கள் 2009ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஷூ போட்டே வளர்ந்தவர்களைவிட இவர்களின் பாதம் அகலமாக இருந்தது. செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம்மில் பலருக்கு விரல் பக்கம் விரிந்திருப்பது இயல்புதான். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பக்கவாட்டில் இறுக்குகிறதென்று அரை அளவு, ஒரு அளவு நீளமான ஷூவை வாங்குகிறோம். அகலம் சரியாகிவிடும், ஆனால் பாதம் முன்னும் பின்னும் வழுக்கும், விரல் முனை மோதி நகம் கறுக்கும். அதற்குப் பதிலாக "வைட்" என்று குறித்த மாடலையோ, விரல் பகுதி அகலமாகச் செய்யும் கம்பெனிகளையோ கேளுங்கள். ஆசிக்ஸ், நியூ பேலன்ஸ் போன்றவை சில மாடல்களை ஒன்றுக்கு மேற்பட்ட அகலத்தில் விற்கின்றன. எல்லாக் கடையிலும் இருக்காது, கேட்டால் வரவழைத்துத் தரக்கூடும். இணையத்தில் வாங்கும்போது யூகே அளவா, யூஎஸ் அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் ஷூவில் யூஎஸ் எண் பொதுவாக யூகே எண்ணைவிட அரையோ ஒன்றோ கூடுதலாக இருக்கும்.

விலை? தினப் பயிற்சிக்கு ஏற்ற நல்ல ஷூ தள்ளுபடியில் 4,000, 5,000 ரூபாயிலிருந்தே கிடைக்கும். புதிய மாடல் வந்ததும் பழைய மாடலின் விலை இறங்கும். பழையது ஒன்றும் மோசமாகிவிடாது, அதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். உள்ளே கார்பன் தகடு வைத்த பந்தய ஷூக்கள் 15,000, 20,000 என்று போகும். 2019ல் வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே 42.195 கி.மீ. தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியபோது போட்டிருந்தது அப்படிப்பட்ட ஷூதான். அதன் பிறகு, பந்தய ஷூவின் அடித்தடிமன் 40 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, ஒரு தகடுதான் இருக்கலாம் என்று உலகத் தடகள அமைப்பு 2020ல் விதி போட்டது. வேகமாக ஓடுபவர்களுக்கு அந்த ஷூ உண்மையிலேயே உதவுகிறது. கி.மீ.க்கு 7 நிமிடம் என்று ஓடும் முதல்முறைக்காரருக்கு அந்த உதவி மிகவும் குறையும், உயரமான மெத்தென்ற அடியில் கணுக்கால் ஆடும், ஃபோமும் பல மாடல்களில் சீக்கிரம் தளரும். முதல் முறைக்கு வேண்டாம்.

கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஓட்ட ஷூவின் ஃபோம் தோராயமாக 500 முதல் 800 கி.மீ. வரை உழைக்கும். வாரத்துக்குச் சராசரி 40 கி.மீ. என்று 18 வாரம் ஓடினால் 720 கி.மீ. அதாவது, பயிற்சியின் முதல் நாளில் வாங்கிய ஷூ பந்தயத்தன்று ஏறக்குறைய ஆயுள் முடிந்த ஷூவாக இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. மேல் துணி புதிதுபோலவே இருக்கும், ரப்பர்கூடத் தேய்ந்திருக்காது. உள்ளே ஃபோம் நசுங்கி, திரும்ப எழும் சக்தியை இழந்திருக்கும். இது வரை வராத கெண்டைக்கால் வலி, முழங்கால் வலி காரணமில்லாமல் எட்டிப் பார்த்தால் ஷூ எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது என்று பாருங்கள். இதற்கு வழி, பயிற்சியின் நடுவில் இரண்டாவது ஜோடி வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது. பந்தயத்துக்குள் புது ஜோடி 100, 150 கி.மீ. ஓடிப் பதமாகியிருக்கும். லக்ஸம்பர்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த ஓர் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூவை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்கு ஷூ மட்டுமே காரணம் என்று ஒரே ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஓடவேண்டிய ஊரில், நனைந்த ஜோடி காயும்வரை போட இன்னொரு ஜோடி இருப்பதே பெரிய நிம்மதி.

நனைந்த ஷூவை வெயிலில் போடாதீர்கள். ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும், ஃபோமும் கெடும். உள்ளே இருக்கும் மெத்தையைத் தனியே எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஃபேன் அடியில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாள் திணித்தால் மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும்.

சாக்ஸ், சட்டை, இன்னும் தோலைத் தொடும் எல்லாமும்

8,000 ரூபாய்க்கு ஷூ வாங்கிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் பருத்தி சாக்ஸோடு ஓட வருபவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். பருத்தி நல்ல துணி, வீட்டிலும் அலுவலகத்திலும் அதற்கு ஈடில்லை. ஆனால் அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், லேசில் உலராது. தொடையிலிருந்து வழியும் வியர்வை மொத்தமும் வந்து சேரும் சாக்ஸுக்கு அந்தக் குணம் ஆகவே ஆகாது. ஈரமான தோல் மெத்துப்போகும். அதன்மேல் துணி ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு அடியிலும் இழுக்க இழுக்க, மேல்தோலின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து நடுவில் நீர் கோக்கும். அதுதான் கொப்புளம். நைலான், பாலியஸ்டர் கலந்த ஓட்ட சாக்ஸ் 200, 300 ரூபாயிலிருந்து கிடைக்கும். விரல் பக்கம் தையல் துருத்தாமல் இருக்கிறதா என்று உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். விரல்களுக்கு நடுவில் கொப்புளம் வருபவர்கள், கையுறைபோல ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி உறை உள்ள சாக்ஸை முயன்று பார்க்கலாம், பலருக்கு அதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

ஷூவுக்குள் குதிகால் லேசாக வழுக்குகிறதென்றால் புதிதாக எதையும் வாங்கும் முன், கணுக்கால் அருகே ஷூவில் கூடுதலாக இருக்கும் கடைசித் துளையைக் கவனியுங்கள். அதைப் பலரும் பயன்படுத்துவதே இல்லை. கயிற்றை வெளியிலிருந்து அதே பக்கத்தின் கடைசித் துளைக்குள் விட்டுச் சின்ன வளையமாக்கி, இரு பக்க நுனிகளையும் எதிர் வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது. செலவில்லாத வேலை.

சட்டைக்கும் இதே நியாயம்தான். மெல்லிய பாலியஸ்டர் டி-ஷர்ட்டோ கையில்லாத பனியனோ போதும். பந்தயங்களில் இலவசமாகக் கொடுக்கும் டி-ஷர்ட்டுகளில் சில மெல்லியவை, சில தடிமனானவை. தடிமனானதை 5 கி.மீ. ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு நனைந்த டி-ஷர்ட் மார்புக்காம்பை உரசி ரத்தம் வரும் அளவுக்குப் புண்ணாகும். 25 கி.மீ.க்கு மேல் ஓடும் நாளில் மைக்ரோபோர் டேப்பை (காயக் கட்டுக்கு ஒட்டும் மெல்லிய டேப்) சின்னதாக வெட்டி ஒட்டிக்கொண்டால் போதும், வியர்வை வருமுன்பே ஒட்ட வேண்டும். உள் தொடை, அக்குள், இடுப்புப் பட்டி படும் இடம் இவற்றில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயும் தடவலாம், ஆனால் சீக்கிரம் வழிந்து போய்விடும், நீண்ட ஓட்டத்துக்கு வாசலின்தான் நிற்கும். தொடைகள் உரசிக்கொள்ளும் உடல்வாகு உள்ளவர்கள் தளர்வான ஷார்ட்ஸைவிட முழங்காலுக்கு மேல் நிற்கும் இறுக்கமான ஷார்ட்ஸை உள்ளே போட்டுக்கொள்வது நல்லது.

பெண்களுக்கு ஷூவுக்கு அடுத்த முக்கியமான பொருள் ஸ்போர்ட்ஸ் பிரா. இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, பல பட்டியல்களில் கடைசி வரியாகத்தான் வரும். ஓட்டத்துக்கென்று ஒரு பிரா வந்ததே 1977ல்தான். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா ஷ்ரைபர் மூவரும், ஆண் விளையாட்டு வீரர்கள் போடும் உள்ளாடை இரண்டைச் சேர்த்துத் தைத்து முதல் மாதிரியைச் செய்தார்கள். பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வந்தது அதற்கும் 7 வருடம் கழித்து, 1984 லாஸ் ஏஞ்சல்ஸில். அந்த பிரா வரும் வரை, ஓடும்போது மார்பு வலிப்பதைப் பெண்கள் தாங்கிக்கொள்ள வேண்டிய ஒன்றாகவே வைத்திருந்தார்கள். இன்று யாரும் அப்படித் தாங்க வேண்டியதில்லை.

வாங்கும்போது "ஹை இம்பாக்ட்" என்று போட்டிருப்பதைப் பாருங்கள். யோகாவுக்கான மெல்லிய பிரா ஓட்டத்துக்குப் போதாது. தாங்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது தோள் பட்டை அல்ல, மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டை. அதற்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் நுழைந்தால் தளர்வு. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது பட்டை மேலே ஏறினாலும் தளர்வுதான். மார்பு பெரிதாக இருப்பவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்தும் வகையைவிடத் தனித்தனிக் கிண்ணம் உள்ள வகை நன்றாகத் தாங்கும். உடை மாற்றும் அறையிலேயே பத்து முறை குதித்துப் பாருங்கள். பிறகு உள்பக்கத்தைத் திருப்பி, கீழ்ப்பட்டையின் தையலையும் பின்னால் கொக்கி இருக்கும் இடத்தையும் விரலால் தடவுங்கள். அங்கே சொரசொரப்பாக இருந்தால் 20வது கி.மீ.யில் வியர்வையோடு சேர்ந்து அறுக்கும். எலாஸ்டிக் சூட்டில் தளரும், அதனால் வெந்நீரில் துவைக்க வேண்டாம், நிழலில் காயப்போடுங்கள். கீழே லெகிங்ஸ், முக்கால் டைட்ஸ், ஷார்ட்ஸ் எது வேண்டுமானாலும் போடலாம். தொங்கும் குர்தா மட்டும் நனைந்தால் கனத்து, காலைச் சுற்றிக்கொள்ளும்.

தண்ணீரும் உப்பும்

தண்ணீர் எடுத்துப் போகும் பாட்டிலை வாங்குவதற்கு முன் உங்களுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று தெரிய வேண்டும். அதற்கு வீட்டில் ஒரு எடைக்கருவி போதும். ஓடப் போகுமுன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையோடு எடை பாருங்கள். ஒரு மணி நேரம் வழக்கமான வேகத்தில் ஓடுங்கள். திரும்பி வந்து, வியர்வையைத் துடைத்து, அதேபோல எடை பாருங்கள். 62 கிலோ 60.8 ஆகியிருக்கிறது, நடுவில் 300 மி.லி. குடித்தீர்கள் என்று வையுங்கள். போனது 1.2 லிட்டர், குடித்தது 0.3 லிட்டர், ஆக அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் வியர்வை 1.5 லிட்டர். ஒரு ஈரப்பதமான நாளிலும், மார்கழிக் காலையிலும் தனித்தனியாகச் செய்து பாருங்கள், இரண்டும் வேறாக இருக்கும்.

இந்த 1.5 லிட்டர் முழுவதையும் ஓடும்போதே குடித்து ஈடுகட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. வயிறு அதை ஏற்காது, அளவுக்கு மீறிக் குடிப்பது ஆபத்தும்கூட. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவு குறைந்திருந்தது. அப்படி ஆனவர்களில் பலர் ஓட்டத்தில் நிறையக் குடித்து, தொடங்கியதைவிட எடை கூடி முடித்தவர்கள். சோடியம் மிகவும் இறங்கினால் மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், ஓடி முடித்ததும் எடை கூடியிருந்தால் அடுத்த முறை குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேர ஓட்டத்துக்குக் கையில் பிடிக்கும் சின்ன பாட்டில் போதும். அதற்கு மேல் ஓடும் நாட்களில் இடுப்பு பெல்ட்டோ, முதுகோடு ஒட்டிய தண்ணீர்ப் பையோ தேவைப்படலாம். நம் வெயிலுக்கு நான் பெல்ட்டின் பக்கம். முதுகுப் பையில் நிறையத் தண்ணீர் பிடிக்கும், ஆனால் முதுகிலும் மார்பிலும் காற்றுப் படாமல் அடைத்து, வியர்வை ஆவியாகும் கொஞ்சநஞ்ச வழியையும் மூடிவிடும். பெல்ட் துள்ளக் கூடாது, தண்ணீர் நிரப்பி ஓடிப் பார்த்து வாங்குங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையான இ.சி.ஆரில் நீண்ட ஓட்டம் ஓடும் குழுக்கள் வழியில் தண்ணீர் வைப்பதுண்டு. அப்படி ஒரு குழுவோடு ஓடினால் எதுவும் சுமக்காமலேயே பயிற்சியை முடித்துவிடலாம்.

உப்பு விஷயத்தில் இளநீரைப் பற்றிப் பலரும் தப்பாக நினைத்திருக்கிறார்கள். ஓடி முடித்ததும் கடற்கரையில் இளநீர் குடிப்பதில் ஒரு தவறும் இல்லை, தாராளமாகக் குடியுங்கள். ஆனால் இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது முக்கியமாக சோடியம். வியர்த்துக் காய்ந்த கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான். அந்த இழப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி நல்லது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஒரு லிட்டர் கரைசலில் 2.6 கிராம் சமையல் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். அட்டைப் பெட்டியில் இனிப்பாக விற்ற பல பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி வந்தன. அந்தச் சூத்திரப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. உறையில் சோடியம் எத்தனை மி.கி. என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பெரிய டம்ளர் குடித்தாலும் நல்லதுதான். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மாவுச்சத்தும் வேண்டும், மணிக்கு 30 முதல் 60 கிராம். ஓடிக்கொண்டே உறிஞ்சிக் குடிக்கும் சின்னப் பொட்டலமான ஜெல் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும், நடுத்தரமான ஒரு வாழைப்பழத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான். பேரீச்சம்பழமும் நன்றாக வேலை செய்யும், கொட்டையை வீட்டிலேயே எடுத்துவிட்டு வாருங்கள். கடலைமிட்டாய் சத்தானது, ஆனால் மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது.

இருட்டு, மழை, கடிகாரம்

வெயிலுக்குப் பயந்து நாம் 4 மணிக்கும் 5 மணிக்கும் ஓடுகிறோம். சென்னை மாரத்தானும் இருட்டிலேயே தொடங்குகிறது. அதனால் குளிர்நாட்டுக்காரரின் ஜாக்கெட்டுக்குச் செலவழிக்க வேண்டிய பணத்தை நாம் வெளிச்சத்துக்குச் செலவழிக்க வேண்டும். முதுகில் மினுக்கும் சின்னச் சிவப்பு விளக்கும், வண்டி வெளிச்சம் பட்டால் ஒளிரும் பட்டை வைத்த மேலங்கியும் சேர்ந்து சில நூறு ரூபாய்தான். ஷூவுக்கு அடுத்தபடியாக இதை வாங்குங்கள் என்றே சொல்வேன். எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலது ஓரமாக ஓடுங்கள். இரண்டு காதையும் அடைக்கும் இயர்போன் இருட்டில் வேண்டாம். பின்னால் வரும் லாரியும் கேட்காது, தெருநாய் உறுமுவதும் கேட்காது. நாய் துரத்த வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும்.

மழைக்கு ரெயின்கோட் வாங்காதீர்கள், அதற்குள் வியர்வையிலேயே முழுக்க நனைந்துவிடுவீர்கள். முன்பக்கம் விளிம்பு வைத்த மெல்லிய தொப்பி கண்ணில் தண்ணீர் வழியாமல் காக்கும், போனுக்கு ஒரு ஜிப் பிளாஸ்டிக் கவர், அவ்வளவுதான். இடி மின்னல் இருந்தாலும் தேங்கிய தண்ணீரில் அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாவிட்டாலும் அன்று ஓட வேண்டாம்.

ஜி.பி.எஸ். வாட்ச் இல்லாமல் முதல் மாரத்தானை நன்றாக முடிக்கலாம். போனில் இலவச ஆப் ஒன்று தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிடும். ஈரப்பதம் கூடிய நாளில் அதே வேகத்துக்கு உடம்பு மிக அதிகமாக உழைக்கும், அதனால் வாட்ச் காட்டும் வேகத்தைத் துரத்துவதைவிட, பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்ப்பது தொடக்கத்தில் நல்ல அளவுகோல். கெண்டைக்கால் உறை, மசாஜ் துப்பாக்கி, விலையுயர்ந்த கறுப்புக் கண்ணாடி எல்லாம் முதல் முறைக்குத் தேவையே இல்லை.

பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு, உங்கள் திட்டத்தில் 30 கி.மீ.யோ 32 கி.மீ.யோ வரும் ஞாயிற்றுக்கிழமையை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். பந்தய நேரத்துக்கே எழுந்து, அன்று சாப்பிடப்போவதையே சாப்பிட்டு, அதே ஷூ, அதே சாக்ஸ், அதே உடை, அதே பெல்ட், அதே ஜெல்லோடு ஓடுங்கள். திரும்பி வந்து குளிக்கும்போது எங்கெல்லாம் எரிகிறது என்று கவனியுங்கள். எரியும் இடத்தில்தான் ஒரு தையலோ பட்டையோ உரசியிருக்கிறது. அதை மாற்றி, மாற்றியதையும் ஒருமுறை ஓடிச் சோதிக்க உங்களுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கால்நகங்களைப் பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள். முந்தின இரவு வெட்டினால் கூரான முனை பக்கத்து விரலைக் கீறும். ஓட்ட எண் வாங்கப் போகும் கண்காட்சியில் ஷூக்களும் சாக்ஸ்களும் நல்ல தள்ளுபடியில் இருக்கும். பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் பந்தயம் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.